சீதனம் எவ்வளவு, மாப்பிள்ளை?

கடந்த ஏழு கோடைகளில் ஆறு முறை கிண்ணம் கொன்றையூருக்குத்தான் போயிருக்கிறது. மிச்சமான ஒரு கோடை கொரோனா, போட்டியே நடக்கவில்லை. பாரிஸ் புறநகர்களில் ஊர்க் கழகங்கள் நடத்தும் கரப்பந்துப் போட்டிகளைப் பற்றி யார் கேட்டாலும் மேரிறோஸ் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குவார்.

"கொரோனா ஒண்டாலைதான் அவங்களை மறிக்க ஏலுமாயிருந்தது" என்பார்.

மேரிறோஸுக்கு ஐம்பத்திரண்டு வயது. வீடு பியர்ஃபித்-சூர்-செய்னில். விடிய முதல் எழும்பிப் போய் அலுவலகங்கள் துப்புரவு செய்கிறார். கோடை ஞாயிறுகளில் மடக்குக் கதிரையும் தேத்தண்ணிப் போத்தலுமாக மைதானத்துக்கு வந்துவிடுவார். அவருடைய கழகம் பாசித்துறை சென். யூட். உணவகக் குசினிகளில் சனி இரவு வேலை முடித்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து விளையாடும் பெடியள். சட்டைகளில் பாதி போன வருடத்தவை.

கொன்றையூர் யுனைற்றெட் அப்படியில்லை. அதன் தலைவர் வாமதேவன் உணவுப் பொருள் இறக்குமதி செய்பவர். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் பெரிய கடை வைத்திருக்கிறார். ஒவ்வோர் அணியும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும், எந்தக் கழகத்தில் ஆடியவராயிருந்தாலும், வெளியாள் மூன்று பேரைச் சேர்க்கலாம் என்று ஒரு விதி உண்டு. மற்றக் கழகங்களுக்கு அந்த விதியால் ஒரு பயனும் இல்லை. வாமதேவன் லண்டனிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் ஆட்களை இறக்குவார், ஹோட்டலில் தங்க வைப்பார், உடம்பு பிடித்துவிடவும் ஓர் ஆளை வைத்திருப்பார்.

"வெல்லட்டும். வெல்லுறவனிலை எனக்கென்ன கோபம்?" என்பார் பாசித்துறைக் கழகச் செயலாளர் இராயப்பு. "ஆட்டம் தொடங்க முன்னமே நாங்கள் வீட்டை போகலாம் எண்டு ஆக்கிப்போட்டாங்கள் பார், அதுதான் வயிறு எரியுது."

நாலு கோடைக்கு முன்பு திரான்சி மைதானத்தில், சூரிச்சிலிருந்து வந்த நெடுவல் ஒருவன் ஆட்டத்தைத் தொடக்கும் சேவ் அடிக்கப் பந்தைத் தூக்கினான். மைதானம் அமைதியாக இருந்தது. மேரிறோஸ் இருந்த இடத்தில் இருந்தபடியே கேட்டார்:

"மாப்பிள்ளை, சீதனம் எவ்வளவு?"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பந்து வலைக்குள் போனது. அன்றிலிருந்து எந்த மைதானமானாலும் கொன்றையூரின் வெளியாள் பந்தைக் கையில் எடுத்தால் அந்தக் கேள்வி எழும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத கழகங்கள்கூட அந்த நேரம் ஒரே குரலில் கத்தின. ஆனால் தொடங்கி வைப்பது மேரிறோஸ்தான். அவர் வாய் திறக்கும்வரை சனம் காத்திருக்கும்.

இந்தக் கோடை பாசித்துறைக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்திருந்தது. காரணம், மேரிறோஸின் தம்பி லோறன்ஸ். வலைக்கு மேலே எழும்பி அவன் அடித்தால் எதிர்ப்பக்கத்தில் ஆள் விலகும். அவன் பிரான்சுக்கு வந்து ஒன்பது வருடம். அகதி விண்ணப்பம் இரண்டு தரம் நிராகரிக்கப்பட்டுவிட்டது. ஓர் உணவகத்தில் பதிவில்லாமல், கறுப்பில், கோப்பை கழுவுகிறான். கார் து நோர் ரயில் நிலையத்தில் பொலிசைக் கண்டால் சுற்றி வேறு வாசலால் வருவான். அவன் அடித்த அடியில் பாசித்துறை அரையிறுதிக்கு வந்திருந்தது. அரையிறுதி கொன்றையூரோடு.

அதற்கு முந்திய வாரச் சனிக்கிழமை மேரிறோஸ் மரக்கறி வாங்க வாமதேவனின் கடைக்குப் போனார். மைதானத்தில் ஏசுவது வேறு, மலிவான வெண்டிக்காய் வேறு. காசு வாங்கும் இடத்தில் நின்ற வாமதேவன் வெளியே வந்து, அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டார்.

"இருங்கோ, தங்கச்சி. முறைப்படி நான்தான் வீட்டை வந்து கேட்டிருக்கோணும். நீங்கள் இஞ்சை வந்திட்டியள்."

"என்னத்தை அண்ணை?"

"லோறன்ஸை."

மேரிறோஸ் சிரித்தார். "என்ரை தம்பி விக்கிறதுக்கில்லை, அண்ணை."

"ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள்தானே கேக்கிறியள், சீதனம் எவ்வளவெண்டு? ஒருநாள் எண்டாலும் நான் பதில் சொல்லவேணுமெல்லோ?" வாமதேவன் மேரிறோஸின் பையைத் திறந்து முற்றின வெண்டிக்காய்களைப் பொறுக்கி வெளியே வைத்தபடி சொன்னார். "முழுநேர வேலை. நிரந்தர ஒப்பந்தம். மாதம் மாதம் சம்பளத் துண்டு. அதுகளைக் காட்டிப் பொபினி குடிவரவு அலுவலகத்திலை விசாவுக்கு ஃபைல் போடலாம். நல்ல வக்கீலும் நான் பிடிச்சுத் தாறன்."

மேரிறோஸின் சிரிப்பு நின்றது.

"அவன் விளையாடாட்டி?"

வாமதேவன் மழுப்பவில்லை. "விளையாடாட்டி எனக்கு ஆள் தேவையில்லை, தங்கச்சி. கடையிலை இருக்கிற ஆக்களே தேவைக்குக் கூட."

"அடுத்த ஞாயிறு எங்களோடையெல்லோ ஆட்டம்?"

"ஓம். பேர் பதிய வெள்ளி வரைக்கும் நேரமிருக்கு. விதியை நான் தனிய எழுதேல்லை. எல்லாக் கழகமும் கையுயர்த்தினது."

அது உண்மை. பாசித்துறையும் உயர்த்தியது. அன்றைக்குக் கூட்டத்துச் சாப்பாடு வாமதேவனுடையது.

மேரிறோஸ் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். தெரு நிறையச் சனம். யாரோ வணக்கம் சொன்னார்கள், அவரும் சொன்னார். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதடு மரத்துப்போய் இருக்கும், தொட்டால் தெரியாது. உடம்பு முழுக்க அப்படி இருந்தது. கோபம் வருமென்று ரயில் ஏறும்வரை பார்த்தார். வரவில்லை.

வீட்டில் லோறன்ஸ் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தான்.

"வாமதேவன் கேட்டவர்" என்றார்.

அவன் நிமிரவில்லை. "என்னட்டை மூண்டு கிழமைக்கு முன்னமே கேட்டவர். உங்களுக்குச் சொல்லப் பயமாக் கிடந்தது."

"பொலிசுக்குப் பயப்பிடுறதை விடவோ?"

"ஓம் அக்கா."

மேரிறோஸ் வெண்டிக்காயைக் கழுவத் தொடங்கினார்.

"போ" என்றார்.

"மைதானத்திலை நீங்கள் கத்துவியளோ?"

"பின்னை? உனக்கெண்டு தனிச் சட்டமோ?"

"கத்துங்கோ. நீங்கள் கத்தாட்டித்தான் எனக்குச் சேவ் பிழைக்கும்."

ஞாயிறு திரான்சி மைதானத்தில் லோறன்ஸ் கொன்றையூரின் மஞ்சள் சட்டையோடு இறங்கினான். இராயப்பு ஓடி வந்தார்.

"மேரி, வெள்ளிக்கிழமை பேரைப் பார்த்தும் நான் நம்பேல்லை. உன்ரை தம்பியையும் வாங்கிப்போட்டாங்கள்!"

"வாங்கேல்லை, அண்ணை. நான்தான் குடுத்தனான்."

இராயப்பு அவரைப் பார்த்தார். பிறகு தன் கதிரையைத் தூக்கி, இரண்டு குடும்பங்கள் தள்ளிக் கொண்டுபோய்ப் போட்டார்.

முதல் செற்றில் லோறன்ஸின் சேவ் வந்தது. அவன் பந்தை இரண்டு தரம் தட்டினான். வழக்கம்போல மைதானம் அமைதியானது. நூறு முகங்கள் மேரிறோஸின் பக்கம் திரும்பின. அவர் வாயைத் திறந்தார். காற்று வந்தது, குரல் வரவில்லை. லோறன்ஸ் பந்தைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். நடுவர் விசிலை இன்னொரு முறை ஊதினார்.

வேறொரு கழகத்துப் பொம்பிளை ஒருத்தி பொறுமையிழந்து தொடங்கினாள்: "மாப்பிள்ளை..."

மிச்சத்தைச் சனம் முடித்தது. சிரிப்பும் கைதட்டலும் கிளம்பின. பாசித்துறைக்காரர்தான் எல்லாரையும்விடப் பலமாகக் கத்தினார்கள். லோறன்ஸ் தலையைக் குனிந்து பந்தை உயர எறிந்து அடித்தான். அது வலைக்கு மேலால் போய்ப் பின்கோட்டுக்குள் விழுந்தது. யாரும் தொடவில்லை.

பாசித்துறை இரண்டு செற்றிலும் தோற்றது. மேரிறோஸ் முழுவதையும் பார்த்தார். யாருக்குப் புள்ளி போனாலும் அவருக்கு ஒன்றாகவே இருந்தது. போத்தலில் தேத்தண்ணி அப்படியே ஆறிப்போயிருந்தது.

முடிந்ததும் மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் கோழிப் புரியாணிப் பார்சல் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். "வாமதேவன் அண்ணை தரச் சொன்னவர்." மற்றக் காலமென்றால் அவர் அதை எறிந்திருப்பார், எறிந்ததைப் பற்றி ஒரு வருடம் கதைத்துமிருப்பார். வாங்கிப் பிரித்துச் சாப்பிட்டார். உப்புப் போட்டிருந்தார்களா என்று பிறகு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

லோறன்ஸ் திங்கட்கிழமை காலை வாமதேவனின் கடையில் வேலை தொடங்குகிறான். இறுதிப் போட்டி அடுத்த ஞாயிறு, பொபினியில்.