அன்று உயராத ஒரு கை

சுண்ணாம்புக் காளவாய் ஒன்று கட்டினேன். ஒன்றுக்குப் பின் ஒன்றாக மூன்று லாரி வாங்கினேன். ரிவியேர் டு ராம்பார் சாலையோரம் கருங்கல்லில் மாடிவீடு எழுப்பி, கீழே கடை வைத்தேன். அம்மன் கோயிலின் முன்மதில் என் கல், என் சுண்ணாம்பு. எங்கள் கால்பந்து அணி சட்டை மாற்றிக்கொள்ள மைதானத்து ஓரத்தில் நிற்கிற தகரக் கொட்டகையும் நான் போட்டதுதான். இத்தனையும் செய்தவன் இரண்டாம் வகுப்போடு நின்றவன், கரும்புத் தோட்டத்தில் 'காம்ப்' என்கிற கூலிக் குடியிருப்பில் பிறந்தவன். கூலிக்காரர்கள் துரைமாரை எதிர்த்து எழுந்த ஆண்டில் நான் தலையில் கரும்புக்கட்டோடு நடந்துகொண்டிருந்தேன். லாரி ஓட்ட லைசென்ஸ் கேட்டுப் போனபோது, "முதலில் மாட்டுவண்டி ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அன்று சிரித்தவன் வீட்டுச் சுவரும் இன்று என் சுண்ணாம்பில்தான் நிற்கிறது.

கல்லும் சுண்ணாம்பும் சொன்ன பேச்சுக் கேட்கும். பதினோரு ஆட்டக்காரர்கள் கேட்கமாட்டார்கள். அந்த அணிக்காக நான் பட்ட பாட்டில் பாதியைக் காளவாயில் பட்டிருந்தால் இன்னும் இரண்டு காளவாய் எரிந்துகொண்டிருக்கும்.

வெளியூர்க்காரர் படித்தால் விளங்கட்டும் என்று சொல்கிறேன். எங்கள் தீவில் அந்தக் காலத்தில் ஒவ்வொரு சனத்துக்கும் ஓர் அணி. வெள்ளைக்காரருக்கு ஒன்று, ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல்காரருக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று, சீனருக்கு ஒன்று. தமிழருக்கு எங்களுடையது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைத் தோல்வி மைதானத்தோடு நிற்காது. திங்கட்கிழமை பஸ்ஸில் கூடவே ஏறும். சந்தையில் கத்தரிக்காய் நிறுக்கிறவன், "என்ன மத்ராஸ், நேத்து எத்தனை வாங்கினீங்க?" என்று தராசைப் பிடித்தபடி கேட்பான். தமிழனை இங்கே மத்ராஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். கடைக்கு வருகிறவன் உப்புக்கருவாடு கேட்பதற்கு முன் கோல் கணக்கைக் கேட்பான்.

எத்தனையோ தோல்வி பார்த்தவன் நான். மழையில் தோற்றால் மழையைத் திட்டலாம். நடுவர் பார்வை சரியில்லாமல் தோற்றால் ஒரு வாரம் அவனைத் திட்டியே பசியாறலாம். நம் கையாலேயே நம் காலை வெட்டிக்கொண்டு தோற்பது இருக்கிறதே, அதற்குத் திட்ட ஆள் கிடையாது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த வருஷம் முதலிலிருந்தே அடி மேல் அடி. கோல்கீப்பர் பாய்ந்து பிடிக்கப் போய்த் தோள் எலும்பை உடைத்துக்கொண்டான். தெற்கே ரிவியேர் தே ஸாங்கீய்ப் பக்கம் செம்மண் சேற்றில் ஆடிய ஆட்டத்தில் எங்கள் இடப்பக்க ஓட்டக்காரன் முழங்கால் திருகிப்போய் விழுந்தான். என் லாரியில் சாக்குகளை விரித்து அவனைக் கிடத்தி, தெற்கிலிருந்து வடக்குவரை தீவையே குறுக்கே கடந்து கொண்டுவந்தேன். ஒவ்வொரு குழியிலும் அவன் அலறியது இன்னும் காதில் இருக்கிறது. அந்தக் கால் அதற்குப் பிறகு பந்தைத் தொடவில்லை. கடைசியில் முதல் பிரிவில் நாங்கள் கடைசி இடத்துக்கு ஒரு படி மேலே தொங்கினோம். ஓர் ஆட்டம்தான் பாக்கி. அதில் சமன் செய்தால் தப்பித்தோம். தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்கவேண்டும்.

எங்களிடம் மிச்சமிருந்தது ஒரே ஒருவன். நடுவில் நின்று கோல் போடுகிறவன். சர்க்கரை ஆலையில் பாய்லருக்குக் கரும்புச் சக்கை தள்ளுகிற வேலை. அந்தச் சூட்டில் நின்று நின்று அவன் முகம் ஒரு பக்கம் மட்டும் கறுத்திருக்கும். பந்து அவன் காலுக்கு வந்தால் நான் மூச்சை விடமாட்டேன். அந்த வருஷம் நாங்கள் போட்ட கோல்களை எல்லாம் அவன்தான் போட்டான் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

இத்தனை அடிபட்டதும் கோயில் பூசாரி, அம்மனுக்கு ஏதோ குறை இருக்கிறது என்றார். அணித்தலைவரும் அதையே சொன்னார். தலைவர் என்றால் ஆடுகிறவரல்ல. நகரத்தில் நீதிமன்றத்தில் வேலை, கழுத்தில் டை, கூட்டத்தில் பாதிப் பேச்சு பிரெஞ்சு; நாங்களும் ஐயா என்பதற்குப் பதில் 'மிஸ்யே' என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அவர்தான் முடிவு செய்தார்: அணி முழுவதும் காப்புக் கட்டி விரதமிருந்து, கடைசி ஆட்டத்துக்கு முந்தின ஞாயிறு தீமிதிக்கவேண்டும். ஆட்டக்காரர் எல்லாரும் மணிக்கட்டில் மஞ்சள் கட்டிக்கொண்டார்கள். இறைச்சி, மீன், சாராயம் கிடையாது. இரவில் கோயில் கொட்டகையில் பாயில் படுக்கை. நானும்தான் கட்டிக்கொண்டேன். அம்மனை நான் குறை சொல்லவில்லை. அவள் யாரையும் கேட்கவில்லை, நாம்தான் நேர்ந்துகொண்டோம்.

அது கரும்பு வெட்டுக்காலம். ஆலை நிற்காமல் ஓடுகிற மாதங்கள். மற்ற ஆட்டக்காரர்களில் ஒருவன் குமாஸ்தா, ஒருவன் தையற்காரன், இருவர் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள். பருப்பும் கீரையும் தின்று நிழலில் உட்காரலாம். இவன் பாய்லர் முன்னால். ஒரு நாள் மயங்கி விழப்போனவனைக் கூட வேலை செய்த கிரியோல்காரன் பிடித்து உட்காரவைத்து, தன் டப்பாவிலிருந்து ரொட்டியும் உப்புக்கருவாட்டுக் குழம்பும் கொடுத்திருக்கிறான். இவன் தின்றுவிட்டான்.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. மாலையில் அவனே கோயிலுக்கு வந்தான். நான் அப்போது அங்கே இருந்தேன், நெருப்புக்குழிக்கு விறகு இறக்கிக்கொண்டிருந்தேன். மணிக்கட்டை நீட்டினான்.

"சாமி, அவுத்துருங்க. மீன் தின்னுட்டேன். நெருப்புல இறங்க மாட்டேன், அது தப்பு. ஆனா ஆட்டத்துக்கு வந்துருவேன்."

பூசாரி கையை இழுத்துக்கொண்டார். "என்னடா இப்படிச் சாதாரணமாச் சொல்ற? அணி முழுக்கக் கட்டின காப்புடா இது!"

"பாய்லர் முன்னாடி ஒரு நாள் நின்னு பாருங்க சாமி. அம்மனுக்கே பசிக்கும்."

அந்த ஒரு வாக்கியம்தான் அவனைத் தின்றது. பொய் சொல்லியிருந்தால் நெருப்பும் மிதித்து ஆட்டமும் ஆடியிருப்பான்.

மறுநாளே கூட்டம். கோயில் பின்கட்டில். அவனை வெளியே மாமரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். தலைவர் பேசினார். ஒழுங்கு இல்லாத அணி அணியல்ல என்றார், ஒருவன் தீட்டு பத்துப் பேரைத் தொடும் என்றார். பூசாரி தலையாட்டினார். நான் கதவருகே நின்றேன். நாற்காலி இருந்தது, நான்தான் உட்காரவில்லை, என் கால்சட்டை முழுக்கச் சுண்ணாம்பு.

நான் சொன்னேன்: "மிஸ்யே, கோல் போடுறது காலு. வயிறு இல்ல. நெருப்புல இறங்க வேணாம்னு சொல்லுங்க, சரி. ஆட வேணாம்னு சொல்லாதீங்க."

தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணே, லாரி விஷயம் வேற. இது அணியோட மானம்."

"மானம் இரண்டாம் பிரிவுல கிடைக்குமா, மிஸ்யே?"

கோல்கீப்பர், கட்டுப்போட்ட தோளோடு உட்கார்ந்திருந்தவன், சிரித்துவிட்டான். தலைவர் அவனைத் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். பிறகு, விலக்கவேண்டும் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். எல்லாக் கையும் உயர்ந்தது. கட்டுப்போடாத கையைக் கோல்கீப்பரும் தூக்கினான். என் இரண்டு கையும் கீழேதான் இருந்தன. சுண்ணாம்பு பட்ட கை, தூக்கியிருந்தால் நன்றாகவே தெரிந்திருக்கும்.

தலைவர் வெளியே போய் மரத்தடியில் நின்றவனிடம் ஒரே வரியில் சொன்னார்: "எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு." நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வருவதற்குள் அவன் சைக்கிளில் ஏறிவிட்டான்.

ஞாயிறு தீமிதி நடந்தது. மற்றவர்கள் இறங்கினார்கள். நானும் இறங்கினேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வலப்பக்கத் தடுப்பாட்டக்காரன் நெருப்பில் தயங்கி நின்றுவிட்டான். அவன் உள்ளங்கால் கொப்பளித்தது. அவனுக்குப் பதில் ஆள் இல்லை. இருந்தவர்கள் எல்லாரும் ஏற்கனவே அடிபட்டுக் கிடந்தார்கள்.

கடைசி ஆட்டத்துக்கு அணியை ஏற்றிக்கொண்டு போனது என் லாரிதான். போகாமல் என்ன செய்ய? விலக்கியது தலைவர், ஆடப்போவது நம் பிள்ளைகள். வழக்கம்போல் கோல் கம்பத்தடியில் தேங்காய் உடைத்துக் கற்பூரம் ஏற்றினோம். எதிரணிக்காரர்கள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார்கள்.

"ஏ மத்ராஸ்! தேங்காயை ஏன்டா உடைக்கிறீங்க? அதையே சென்டர்ல ஆட விடுங்க!"

எங்கள் ஆட்களே சிலர் சிரித்தார்கள். வேறு என்ன செய்வது?

விலக்கப்பட்டவன் வந்திருந்தான். எங்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால், கயிற்றுக்கு வெளியே, ஆலைக் கிரியோல்காரர்களோடு நின்றான். முதல் பாதி எப்படியோ தாங்கினோம். கொப்பளித்த காலோடு வலப்பக்கத்தான் நொண்டி நொண்டி ஓடினான். பூட்ஸைக் கழற்றப் பார்த்தான், கழற்ற வரவில்லை. இரண்டாம் பாதியில் அவன் பக்கமாகவே வந்தார்கள். அங்கே ஆள் இருந்தும் இல்லாத மாதிரி. ஒரு கோல் விழுந்தது. அதற்குப் பிறகு எங்களுக்கு மூன்று முறை பந்து கோல் முன்னால் சும்மா கிடந்தது. மூன்று முறையும் அங்கே நிற்கவேண்டியவன் இல்லை.  

முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது பந்து கயிற்றைத் தாண்டி அவன் காலடிக்கு உருண்டது. எல்லாரும் பார்த்தோம். உதைக்கவில்லை. குனிந்து கையால் எடுத்து, தூசியைச் சட்டையில் துடைத்து, எங்கள் புதுக் கோல்கீப்பரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றான். ஒன்றுக்குப் பூஜ்யம். இறங்கிவிட்டோம்.

தலைவர், "அம்மன் சோதிக்கிறாள்," என்றார்.

இறங்கினால் ஏறலாம் என்பார்கள். நாங்கள் ஏறவில்லை. அடுத்த வருஷம் ஆட்டக்காரர்களின் கேப்டன் போய் அவனைக் கூப்பிட்டான். "நான் தீட்டுண்ணே," என்றானாம். "தீட்டு ஒரு வருஷத்துல போயிருமா?" வேறு அணிக்கும் போகவில்லை. எங்கே போவான்? தமிழனை வேறு யார் சேர்ப்பார்கள்? ஆடக்கூடிய வயது எல்லாம் பாய்லர் முன்னால் கழிந்தது.

நானும் போனேன். ஒரு தடவை அல்ல. கடைசியாகப் போனபோது அவன் ஆலை வாசலில் கைகால் கழுவிக்கொண்டிருந்தான். நான் கை தூக்கவில்லை, நான் ஒருவன் மட்டும் தூக்கவில்லை என்று சொன்னேன். அவன் கோபப்படவில்லை. அதுதான் என்னால் தாங்கமுடியாதது.

"அப்படியாண்ணே? கோல்கீப்பரும் அதைத்தான் சொன்னான். வாத்தியார்களும் சொன்னாங்க. போன மாசம் பூசாரி வந்து சொல்லிட்டுப் போனாரு." துண்டை உதறித் தோளில் போட்டான். "யாரும் தூக்காமலே நான் வெளிய வந்துட்டேன் போலிருக்கு."

தோற்ற பிறகு எல்லாரும் கையைக் கீழே இறக்கிக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் என் கை, தூக்காத கை, தொலைந்துபோயிற்று. அன்று அணியை ஏற்றிப்போன லாரியும் என்னுடையது என்பதால் அவன் கண்ணில் நான் மற்றவர்களைவிட ஒரு படி மேலான பொய்யன்.

இப்போது தீவுக்குச் சுதந்திரம் வருகிறது, புதுக் கொடி ஏறப்போகிறது. தீவு முழுக்கத் தோரணம். அன்று கை தூக்கியவர்களில் தலைவர், கோல்கீப்பர், ஒரு வாத்தியார், நீங்கள் மூவரும் உயிரோடு இருக்கிறீர்கள்; இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மேடையில் பேச அழைக்கிறார்கள் உங்களை. எனக்கு மேடை வேண்டாம், மாலை வேண்டாம், நான் கட்டியதற்கு நன்றியும் வேண்டாம். எனக்குச் சேரவேண்டியது ஒன்று உங்களிடம் இருக்கிறது. நீங்கள் மூவரும் ஆலை வாசலுக்குப் போங்கள். அவன் முகத்தைப் பார்த்து, "நாங்கள் தூக்கினோம், அந்தச் சுண்ணாம்புக்காரன் மட்டும் தூக்கவில்லை" என்று சொல்லுங்கள். அவன் நம்பமாட்டான். ஆனாலும் சொல்லுங்கள். உங்கள் வாயால் சொல்லுங்கள்.