அட்டனில் கடைந்த புஷ்

காலை 5.55. கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறும்போது வெட்கமாக இருந்தது. கோயம்புத்தூரில் எனக்கொரு சிறு பட்டறை; தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு உதிரிப்பாகம் செய்து இலங்கைக்கு அனுப்புகிறேன். இரு நாட்டு ஒப்பந்தப்படி வரிச்சலுகை கிடைக்க, பொருள் எங்கே செய்யப்பட்டது என்ற சான்றிதழ் வேண்டும். அதில் எடையைத் தப்பாக எழுதிவிட்டேன். பெட்டியைத் துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள். புதிய சான்றிதழ் வர நான்கு நாளாகும். பெட்டியிலிருந்த பாகத்துக்காகக் காத்திருந்த லிந்துலைத் தொழிற்சாலைக்காரர்களிடம் போனில் மன்னிப்புக் கேட்க மனம் வரவில்லை. நேரிலேயே கிளம்பினேன்.

முற்பகல் 11.30. மலையகத்து அட்டன் நிலையத்தில் மழைத் தூறல். தொழிற்சாலை ஃபிட்டர் செல்வராஜ், கொழுந்து உருட்டும் ரோலரின் அச்சைத் தாங்கும் பித்தளை வளையத்தை, தேய்ந்துபோன புஷ்ஷைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

"எங்ககிட்ட இருக்கறது ஒரே ரோலருங்க. அதுவும் நேத்து ராத்திரி நின்னுபோச்சு. நேத்துப் பறிச்ச கொழுந்து வாடிக் கெடக்கு. இன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள உருட்டலைன்னா உரக்குழிக்குத்தான் போகும். நாளைக்குப் பறிக்கவும் ஆள் எடுக்க மாட்டாங்க."

தலை குனிந்தேன். "தப்பு என்னுதுங்க."

"அத அப்புறம் பாப்போம். வாங்க, நசீர் நானாகிட்டப் போவோம்."

பஸ் நிலையத்துக்குப் பின்னால் நசீர் நானாவின் லேத் பட்டறை. 'நானா' என்றால் அண்ணன். புஷ்ஷைத் திருப்பிப் பார்த்தவர், மூலையிலிருந்து ஒரு பித்தளைத் தண்டை எடுத்தார்.

"இதுவும் உங்கட நாட்டுச் சாமான்தான் தம்பி. கடைசித் துண்டு. பொறுங்க, செஞ்சி தாறேன்."

பகல் சாப்பாட்டுக்குக்கூட அவர் எழவில்லை. அளவை நான் சொல்லச் சொல்லக் கடைந்தார். மூன்றரைக்குப் புஷ் கையில் சூடாக இருந்தது.

லிந்துலைத் தொழிற்சாலைக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் போல இருக்கும். முச்சக்கர வண்டியில் போனோம். செல்வராஜ் புஷ்ஷைப் பொருத்தினார்; மாலை ஐந்தேகாலுக்கு ரோலர் சுழன்றது. பச்சை வாசனை கூடம் முழுக்க எழுந்தது.

சத்தம் கேட்டு, கொழுந்து பறிக்கும் பரமேஸ்வரி வாசலுக்கு வந்தார். "அப்ப நாளைக்கு வேல இருக்குங்களா?"

"இருக்குக்கா. எல்லாரையும் காலையில பெரட்டுக்கு வரச் சொல்லுங்க," என்றார் செல்வராஜ். பெரட்டு என்றால் காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் இடம்.

என் தவறைப் பரமேஸ்வரியிடமும் சொன்னேன். "அதான் வந்துட்டீங்களே," என்று சிரித்துவிட்டு, தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை புறப்படும் முன், என் போனிலிருந்த அந்த ரோலரின் வரைபடங்களை நசீர் நானாவுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"இத வெச்சி நானே செஞ்சா உங்கட யாவாரம் என்ன ஆகும்?"

"கொஞ்சம் போகட்டுங்க நானா. என் பெட்டி வராத அன்னைக்கு நீங்க இருக்கோணும்."

பித்தளைத் தண்டு என்னவோ இனியும் கடல் தாண்டித்தான் வர வேண்டும். அது எனக்குத் தெரியும். கோவையில் எங்கள் தெருவில் பதினோரு பட்டறைகள். ஒருவர் வரைபடத்தை இன்னொருவர் பார்த்ததில்லை. நானும் அதுவரை யாருக்கும் காட்டியதில்லை; நசீர் நானாதான் முதல் ஆள்.