அந்தச் சொல்லை விட்டுவிட்டுச் சொல்

அன்புச் சகோதரர்களே, உங்கள் எல்லோர் மீதும் சலாம் உண்டாகட்டும். துஆ கபூலான, கேட்ட பிரார்த்தனை ஏற்கப்பட்ட அனுபவத்தைச் சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் லேசில் எதையும் நம்புகிற ஆள் இல்லை. நெருப்புப் பெட்டி வாங்கினாலும் ஒரு குச்சியை உரசிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

1990 ஐப்பசி. யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் தண்ணீர் இறைக்கும் மெசின்கள் திருத்தும் கடை வைத்திருந்தேன். சாவகச்சேரியில் இருந்த எங்கள் முஸ்லிம் ஆட்களைத் துவக்கு வைத்திருந்த இயக்கப் பெடியன்கள் வெளியேற்றிவிட்டார்கள் என்று கதை வந்திருந்தது. அடுத்தது நாங்களா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் இரவல் வாங்கின சாமான்களை எல்லோரும் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். நானும் திருத்தி முடிந்த மெசின்களை உரியவர்களிடம் ஒப்படைத்தேன். மிஞ்சியது ஒன்றே ஒன்று, கந்தையா அண்ணையுடையது.

அவர் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் தோட்டம் செய்கிறவர். சைவர். அந்த முறை மழை பிந்திவிட்டது. கத்தரிக் கன்றுகள் வாடிக்கொண்டிருந்தன. அவரிடம் வேறு மெசின் இல்லை. கூலியையும் முன்பே முழுதாகத் தந்துவிட்டார். எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.

“இன்ஷா அல்லாஹ், செவ்வாய்க்கிழமை பின்னேரம் தருவன்” என்றேன்.

அவர் முகம் சுருங்கியது.

“தம்பி, உந்தச் சொல்லை விட்டுட்டுச் சொல்லும். செவ்வாய் எண்டா செவ்வாய்.”

“அல்லாஹ் நாடினால் எண்டு சொல்லாமல் நாளைக்குச் செய்வன் எண்டு நாங்கள் சொல்லக் கூடாதண்ணை.”

“உது எனக்குத் தெரியும். முந்தி ஒரு கடையிலை உப்பிடிச் சொல்லித்தான் என்னை மாசக்கணக்கா அலைக்கழிச்சவை. கேட்டால், அல்லா நாடேல்லை எண்டினம். இல்லையெண்டு சொல்லுறதுக்கு உங்கடை ஆக்கள் வைச்சிருக்கிற சொல்லு உது.”

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அது முழுப் பொய்யும் இல்லை. கொடுக்க மனமில்லாத இடத்திலெல்லாம் அந்தச் சொல்லைப் போட்டு மூடுகிற வியாபாரிகள் எங்களுக்குள் இருந்தார்கள். வாக்கை இறுக்கிக் கட்டுகிற சொல்லை நழுவிப் போகிற வழியாக்கியது அவர் இல்லை, நாங்கள்தான்.

“சரி, நீர் உம்மடை பாட்டுக்குச் சொல்லும். நான் ஒவ்வொரு நாளும் வந்து பாப்பன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னபடி வந்தார். சைக்கிளைச் சாத்திவிட்டு, வாசலில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்து என் கையையே பார்ப்பார். நான் ஒரு நட்டைக் கழற்றினால், அது திரும்பப் பூட்டப்படும் வரை கண்ணை எடுக்கமாட்டார். நான் மட்டும் சளைத்தவனா? இந்தக் காலத்தில் ஒரு மனிதர் தினமும் எங்கள் தெருவுக்கு வந்து ஏன் குந்தியிருக்க வேண்டும்? யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல அனுப்பப்பட்டவரோ? மனைவியிடம் சொன்னேன். “உவரைப் பாத்தால் தோட்டக்காரர் மாதிரித்தான் கிடக்கு” என்றாள். கையில் மண்வெட்டிக் காய்ப்பு இருந்தால் மட்டும் போதுமா என்று அவள்மேல் பாய்ந்தேன்.

திங்கட்கிழமை அவர் எழும்பிப் போன பிறகுதான் மெசின் ஓடியது.

செவ்வாய் காலை ஒலிபெருக்கி கட்டிய வாகனம் தெருவுக்குள் வந்தது. எல்லோரையும் மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள். போனோம். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போக வேண்டும் என்றார்கள். வீடும் சாமானும் இனி எங்களுடையவை இல்லை.

மனைவி பிள்ளைகளுக்கு உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். நான் கடைக்குள் அந்த மெசினைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னேரம் அவர் வருவார். உடைத்துத் திறந்த கடையைப் பார்ப்பார். மெசின் போயிருக்கும். கத்தரி கருகும். “அப்பவே சொன்னன்” என்பார். சாகும்வரை எல்லோரிடமும் சொல்வார். வீடு போவதைவிட அது என் நெஞ்சை அறுத்தது. நான் பதறுவது அவருடைய தோட்டத்துக்காகவா, என் பெயருக்காகவா என்று என்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

மெசினை ஒப்படைத்துவிட்டுப் போகவும் ஆளில்லை. தெருவே வெளிக்கிட்டுக்கொண்டிருந்தது. தோளில் கிடந்த துவாயை விரித்து இரண்டு ரக்அத் தொழுதேன். கையேந்தி அழுதேன். “யா அல்லாஹ், என்னை வெறுங்கையோடு அனுப்பு. இன்னொருவர் நம்பித் தந்த அமானிதத்தைக் கழுத்தில் கட்டி அனுப்பாதே. உன் பெயரைச் சொல்லித்தானே வாக்குக் கொடுத்தேன்.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். வாசலில் சைக்கிள் சாத்துகிற சத்தம் கேட்டது. கந்தையா அண்ணை!

சகோதரர்களே, என் மனதில் முதலில் வந்தது அல்ஹம்துலில்லாஹ் என்ற நன்றி இல்லை. இன்றைக்கு இப்படி நடக்கும் என்று இவருக்கு எப்படித் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

“பின்னேரமெல்லோ வரச் சொன்னனான், இப்ப ஏன் வந்தனீங்கள்?”

அவர் கூச்சப்படவே இல்லை. “ராத்திரி நித்திரை வரேல்லைத் தம்பி. காலமை உதை வேறை ஆருக்கும் குடுத்துப்போட்டு, பின்னேரம் வந்தால் அல்லா நாடேல்லை எண்டுவீர் எண்டு நினைச்சன். அதுதான் முந்தி வந்தனான். சந்தியிலை பெடியள் மறிச்சவங்கள். என்ரை மெசினை எடுக்காமல் போகமாட்டன் எண்டு சண்டை பிடிச்சுக்கொண்டு வாறன்.” பிறகுதான் தெருவைத் திரும்பிப் பார்த்தார். “என்ன, எல்லாரும் எங்கை போறியள்?”

சொன்னேன். அப்படியே வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் என்னை நம்பியிருந்தால் பின்னேரம்தான் வந்திருப்பார். அந்த மனிதரின் சந்தேகத்தையே அல்லாஹ் என் துஆவுக்குப் பதிலாக அனுப்பினான். நான் கையேந்துவதற்கு முன்பே அந்தப் பதில் சுன்னாகத்தில் சைக்கிள் ஏறிவிட்டது.

“கெதியாக் கொண்டு போங்கோ அண்ணை” என்றேன். அவர் எழும்பி மெசினைக் குனிந்து பார்த்தார்.

“ஒருக்கா இழுத்துப் பாப்பமோ?”

ஊரே வெளியேறிக்கொண்டிருக்கிறது, இவருக்கு ஓட்டிப் பார்க்க வேண்டும்! நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். போத்தலில் மிஞ்சியிருந்த பெற்றோலைச் சொட்டு விட்டுக் கயிற்றை இழுத்தேன். உடனே பிடித்துக்கொண்டது. இருவருமாகச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினோம். அவர் கண் கலங்கியிருந்தது.

“எப்ப திரும்பி வருவீர்?”

“இன்ஷா அல்லாஹ், கெதியா வருவன்.”

அந்தச் சொல்லை விட்டுவிட்டுச் சொல்லும்படி இம்முறை அவர் கேட்கவில்லை. “ஓம்” என்று மட்டும் சொன்னார்.

வழியில் மனைவியின் தோட்டைக்கூடக் கழற்றி வாங்கினார்கள். ஆனால் என் கழுத்தில் யாருடைய அமானிதமும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ். இங்கே புத்தளத்தில் ஒரு தகரக் கொட்டிலில் மறுபடியும் மெசின் திருத்தத் தொடங்கினேன். அகதியிடம் கொடுத்தால் நாளைக்கு ஆள் எங்கே இருப்பானோ என்று உள்ளூர்க்காரர்கள் தயங்கினார்கள். முன்பென்றால் சண்டைக்குப் போயிருப்பேன். இப்போது வாசலில் ஒரு வாங்கு போட்டு வைத்திருக்கிறேன். நம்பாவிட்டால் தினமும் வந்து இருந்து பாருங்கள் என்கிறேன்.

வியாபாரம் செய்கிற என் சகோதரர்களே, கொடுக்க மனமில்லை என்றால் இல்லை என்றே சொல்லிவிடுங்கள். இன்ஷா அல்லாஹ் என்று சொன்னால், உங்கள் பங்கு வேலையை முடித்து வைத்துவிட்டு மிச்சத்தை அவனிடம் விடுங்கள். உங்களை நம்பாதவரைக் கொண்டும் அவன் உங்கள் வாக்கைக் காப்பாற்றித் தருவான்.

அந்த மெசினை வழியில் பறித்திருப்பார்களோ என்ற சந்தேகம் மட்டும் எனக்கு இருந்துகொண்டே இருந்தது. போன மாதம் சுன்னாகத்திலிருந்து வந்த ஒரு வியாபாரியைக் கண்டேன். மெசின் இன்னும் ஓடுகிறதாம். கந்தையா அண்ணை எனக்கு ஒரு சேதியும் சொல்லி அனுப்பியிருந்தார்.

“வாறனெண்டு சொன்னவர். எங்கை, இன்னும் ஆளைக் காணேல்லை?”

அதற்கும் துஆச் செய்யுங்கள்.