இடப்பக்கத்துக் காபரேட்டர்

எனக்கு வாய்த்த உறுப்புகளிலேயே உருப்படியானது காதுதான். கண்ணுக்குச் சின்ன வயதிலேயே கண்ணாடி வந்துவிட்டது. மூக்கு வருஷத்தில் எட்டு மாதம் அடைத்திருக்கும். புத்தியைப் பற்றி, இதை வாசித்து முடித்தபின் நீங்களே ஒரு முடிவுக்கு வரலாம். ஆனால் காது மட்டும் சுத்தம். பக்கத்து வீட்டில் யாரோ டொபி உறை பிரிக்கும் சத்தம் கேட்டு எழுந்து போயிருக்கிறேன். இந்தக் காதை நம்பி ஒன்பது வயதில் நான் செய்த காரியத்தை எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கிறார்கள். சொல்லச் சொல்ல விவரங்கள் கூடிக்கொண்டே போவதால், நானே எழுதிவைத்துவிடுவது நல்லது.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஹல்துமுல்லைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கராக இருந்தார். அப்பாவுக்குக் கொழும்பில் வேலை என்பதால் அம்மாவும் நானும் மாமாவின் குவாட்டர்ஸில் இருந்தோம். மாமாவுக்கு வயது முப்பத்தைந்து, இன்னும் கல்யாணம் ஆகவில்லை, சொந்தமாகக் கார் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அம்மா இந்த மூன்று தகவல்களையும் இதே வரிசையில் சொல்வார். மூன்றாவதில் மட்டும் குரல் கொஞ்சம் உயரும்.

அந்த வகைக் காரைச் சிங்களத்தில் 'இப்பா' என்பார்கள். ஆமை என்று அர்த்தம். நாங்களும் ஆமைக் கார் என்றே சொன்னோம். தோட்டத்தை நிர்வாகம் செய்து, வேலையை விட்டுப் போன பெரிய துரை ஒருவர் விற்றுவிட்டுப் போனது. அதன் என்ஜின் பின்பக்கம் இருக்கும். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, காற்றிலேயே ஆறிக்கொள்ளும். துரைக்கு வேகத்தில் ஆசை போலிருக்கிறது. ஒரு காபரேட்டர் இருக்கவேண்டிய வண்டிக்கு இடமொன்று வலமொன்றாக இரண்டைப் பூட்டியிருந்தார். காற்றையும் பெற்றோலையும் கலந்து என்ஜினுக்கு ஊட்டுவதுதான் அவற்றின் வேலை. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுத்தால் வண்டி பூனை மாதிரி முனகிக்கொண்டு போகும். ஒன்று கூட இழுத்து மற்றது குறைய இழுத்தாலோ, இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுக்கு மட்டும் பால் கொடுத்த வீடு போல ஆகிவிடும்.

மாமாவின் காரில் இடப்பக்கத்துக் காபரேட்டர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கலைந்தது. திங்கள் முதல் சனிவரை அதற்கு ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைக்கு மரக்கறி வாங்கப் புறப்பட்டால்தான் வழியில் வண்டி குலுங்க ஆரம்பிக்கும். ஹப்புத்தளை ஏறும்போது காற்று மெலிகிறது, பண்டாரவளைக்கு இறங்கும்போது தடிக்கிறது, அது காபரேட்டருக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று மாமா விளக்கம் சொன்னார். காற்றின் தடிப்பை அளந்து பார்த்தவர் வீட்டில் யாரும் இல்லாததால் எல்லோரும் ஒப்புக்கொண்டோம். அம்மா மட்டும் வண்டிக்குக் கண்ணுபட்டுவிட்டது என்று வாராவாரம் ஓர் எலுமிச்சம்பழம் கட்டினார். ஏழு கிழமை கட்டினார். ஏழு கிழமையும் கலைந்தது.

கலைந்த காபரேட்டரைச் சரிசெய்கிற மெக்கானிக்கை எங்கள் பக்கத்தில் பாஸ் என்போம். பாஸின் கராஜ், பண்டாரவளைச் சந்தைக்கு மேலே, அவருடைய வீட்டோடு ஒட்டியிருந்தது. தேயிலை ஃபெக்டரியின் என்ஜின் அறையில் இருபது வருஷம் நின்றதில் பாஸுக்குக் காது அநேகமாகப் போய்விட்டது. மற்ற வேலையெல்லாம் கையால் தொட்டே செய்துவிடுவார். இரண்டு காபரேட்டரையும் ஒன்றாக்குகிற வேலைக்கு மட்டும் காது வேண்டும். அந்தக் காது அவருடைய தங்கச்சி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். கிழமை நாட்களில் பள்ளிக்கூடத்தில் டீச்சர், ஞாயிற்றுக்கிழமையில் அண்ணனுக்குக் காது.

பாஸ் காற்று வடிகட்டிகளைக் கழற்றி வைப்பார். அக்கா ஒரு கறுப்பு ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காபரேட்டரின் வாயிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைப்பார். உள்ளே காற்றுப் போகிற சத்தம் 'உஸ்' என்று கேட்கும். இடப்பக்கம் கேட்டுவிட்டு வலப்பக்கம் கேட்பார். விரலை உயர்த்தினால் பாஸ் திருகாணியைக் கூட்டுவார், தாழ்த்தினால் குறைப்பார், உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்துவார். இரண்டு 'உஸ்'ஸும் ஒன்றாகும்வரை இப்படியே. மாமா பக்கத்தில் நின்று தீபாராதனை பார்க்கிற முகத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார். எண்ணெய் தெறிக்கிற கராஜுக்கு அயர்ன் பண்ணிய வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறாரே, இவருக்கு அறிவில்லையா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

ஒருநாள் அக்கா குழாயை என் காதில் வைத்தார். இடது குறைகிறது என்று உடனே சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டு, நல்ல காது என்று என் தலையைத் தடவினார். அன்றிலிருந்து நானும் அந்தக் கராஜின் உத்தியோகத்தர்தான் என்று முடிவுசெய்துகொண்டேன்.

இதற்கிடையில் பதுளையிலிருந்து மாமாவுக்கு ஒரு பெண்ணின் சாதகம் வந்து பொருந்திப்போயிருந்தது. மாத முடிவுக்குள் அம்மா அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும். கேட்கிறபோதெல்லாம் மாமா "பாப்போம்க்கா" என்றார். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தோட்டத்தில் முந்நூறு பேருக்குப் பெயர் கூப்பிடுகிற மனுஷன் வீட்டில் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் காரின் பின்சீட்டில் தூங்குவதுபோலப் படுத்திருந்தேன். வாந்தி வராமலிருக்க அதுதான் வழி. பண்டாரவளைக்கு இரண்டு வளைவு முன்னால் மாமா வண்டியை நிறுத்தி இறங்கினார். பின்மூடி திறக்கும் சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்த்தபோது, சின்ன ஸ்குரூ டிரைவர் ஒன்றால் இடப்பக்கத்துத் திருகாணியை அரைச் சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"காத்து வாங்க விடுறேன் பாப்பா."

அங்கிருந்து வண்டி குலுங்கிக்கொண்டே போனது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டதாக நினைத்தேன். மாமாவுக்குக் காபரேட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாமல் வாராவாரம் கையை வைத்துக் கெடுத்துக்கொள்கிறார், பிறகு காற்றைக் குறைசொல்கிறார். பெரியவர், முகத்துக்கு நேரே சொன்னால் மனம் நோகும். அவருக்குத் தெரியாமலே அவரைக் காப்பாற்றுவது என் கடமை.

சனிக்கிழமை என்ஜின் ஆறியிருந்த நேரம் பார்த்து, தீபாவளிக்கு அம்மா வாங்கிய சிவப்பு நகப்பூச்சை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு பக்கத்துத் திருகாணித் தலைகளிலும் பள்ளம் மூடும்வரை ஊற்றினேன். மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் என் பத்து விரலுக்கும் பூசிக்கொண்டேன். களவு செய்கிறவர்கள் பொதுவாக இப்படி அடையாளம் வைத்துக்கொள்வதில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

மறுநாள் அதே வளைவில் வண்டி நின்றது. பின்னால் ஸ்குரூ டிரைவர் வழுக்கும் சத்தம் கேட்டது. சுரண்டும் சத்தம். மறுபடியும் வழுக்கும் சத்தம். பிறகு மாமா வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பாப்பா, உன் காதுக்கு வண்டி எப்படி இருக்கு?"

"தங்கமா இருக்கு மாமா."

"அதான் தெரியுது," என்றார், தங்கம் தொலைந்துபோன குரலில்.

வண்டியைத் திருப்புவதற்கு ஏற்றபடி ஸ்டியரிங்கை ஒடித்தார். பாதி ஒடித்துவிட்டு நிறுத்தினார். சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் நேராக்கி, கராஜை நோக்கியே விட்டார். வண்டி பூனை மாதிரி முனகிக்கொண்டு போய் நின்றது.

பாஸ் வழக்கம்போல என்ஜின் மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காது கேளாதவர் என்பதால் அவர் பேசினால் சந்தைக்கே கேட்கும்.

"என்ன கிளாக்கர், நடுக்கமே இல்லையே. எதுக்கு வந்தீங்க?"

மாமா குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தார். காது இரண்டும் என் நகங்களின் நிறத்துக்கு வந்துவிட்டன.

சத்தம் கேட்டு அக்கா குழாயோடு வந்தார். பாஸ் தோளைக் குலுக்கிவிட்டு வடிகட்டிகளைக் கழற்றினார். அக்கா இடது பக்கம் கேட்டார். வலது பக்கம் கேட்டார். மறுபடி இடது பக்கம் குனிந்தபோது திருகாணியில் சிவப்பைக் கண்டார். என் விரல்களைப் பார்த்தார். பிறகு மாமாவின் வெள்ளைச் சட்டைப் பையில் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த சின்ன ஸ்குரூ டிரைவரைப் பார்த்தார். அதைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"இடது பக்கம் கொறையுது," என்றார் நிதானமாக. "ஒருநாள்ல சரியாகிற கொறை இல்ல. அடுத்த கெழமையும் கொண்டாங்க. அதுக்கடுத்த கெழமையும்."

எனக்குப் பொறுக்கவில்லை. குழாயை வாங்கி இரண்டு பக்கமும் வைத்துக் கேட்டேன். மயிரிழை வித்தியாசம் இல்லை.

"இல்லக்கா. ரெண்டும் ஒன்னுதான்."

பிள்ளை என்ன சொல்லுது என்று பாஸ் கத்திக் கேட்டார். அக்கா அவருக்கு உள்ளங்கையைக் காட்டினார், போதும் நிறுத்து என்று. எனக்குத் தின்ன ஒரு பணிஸ் கிடைத்தது. மாமா திரும்பி வரும் வழியெல்லாம் சீட்டியடித்து, எங்கள் தோட்டத்துக்குத் திரும்பும் முடக்கைத் தாண்டி ஒரு மைல் போய், திரும்பி வந்தார். மரக்கறி வாங்க மறந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் துக்கச் செய்தியைச் சொன்னேன்.

"அந்த அக்காவுக்கும் காது போயிருச்சும்மா. ரெண்டும் ஒன்னா இருக்கு, கொறையுதுன்னு சொல்றாங்க. பாஸுக்கு வந்த மாதிரியே வந்துருச்சு."

அம்மா மா சலிப்பதை நிறுத்தினார். முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அடுத்த கிழமை வரச்சொன்னது அந்தப் பிள்ளை தானாகவா, மாமா கேட்டா என்று விசாரித்தார். அதற்கடுத்த கிழமையும் என்று சொன்னதை இரண்டு தடவை சொல்ல வைத்தார். பிறகு அலுமாரியைத் திறந்து, பதுளைச் சாதகத்தை அது வந்த உறையிலேயே போட்டு ஒட்டினார். வெளியே, கழுவிய காரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்த மாமாவிடம் போனார். தணிந்த குரல்தான். என் காதுக்குத் தப்புமா?

"இத வாயத் தொறந்து சொல்லியிருந்தா, ஏழு எலுமிச்சம்பழம் மிச்சமாகியிருக்குமே தம்பி."

பாவம் அம்மா, பழத்துக்குப் போய் இப்படிக் கவலைப்படுகிறாரே என்று நினைத்தேன்.

அந்த வாரம் முழுக்க அக்காவின் காது என் மனதைவிட்டுப் போகவில்லை. பூண்டு போட்டு நல்லெண்ணெய் காய்ச்சித் தரும்படி அம்மாவைக் கேட்டேன். எதற்கென்று சொன்னதும் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். ஆனால் காய்ச்சித் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் வந்தார். தீபாவளிப் பட்டுச்சேலையோடு முன்சீட்டில் உட்கார்ந்து, வெற்றிலை, பாக்கு, பூ, கதலிப்பழம் வைத்த தட்டொன்றை மடியில் பிடித்திருந்தார். பின்சீட்டில் நான் எண்ணெய்ப் போத்தலைப் பிடித்திருந்தேன். அந்த வளைவில் மாமா வண்டியை நிறுத்தவேயில்லை. நோயாளியைப் பார்க்கப் பழம் கொண்டுபோவது சரி, வெற்றிலை எதற்கு என்று மட்டும் யோசித்துக்கொண்டு வந்தேன்.

பெரியவர்கள் உள்ளே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அக்காவைக் குசினிப் பக்கம் கூப்பிட்டுப் போத்தலைக் கொடுத்தேன். காலை மூன்று சொட்டு, மாலை மூன்று சொட்டு, வெளியில் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தலையில் புதிதாகப் பூ வைத்திருந்தார். குனிந்து, என் நல்ல காதில் மெதுவாகச் சொன்னார்.

"இது லேசுல கொணமாகாது பாப்பா. உங்க வீட்டுலயே வந்து இருந்துதான் பாக்கணும்."

அவ்வளவு முற்றிவிட்டதா என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.