ஆள் அனுப்பு என்று கேட்டேன்

அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித் தொடங்குகிறேன். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லப் போகிறேன். கேட்கிற சகோதரிகள் முகம் சுளிக்க வேண்டாம். இது ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய விஷயம். உடம்பைப் பற்றிப் பேசாமல் இதைச் சொல்ல முடியாது.

என் பெயர் சபுரா. திண்டுக்கல் பேகம்பூரில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. 1957-ஆம் வருஷம், ஐப்பசி மழை விடாமல் பெய்த சமயத்தில் எனக்கு வலி எடுத்தது. தலைப்பிரசவம். வயது பத்தொன்பது. மூன்று நாள் வலித்தது. பிள்ளையின் தலை இடுப்பெலும்பில் வந்து சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் முற்பகலில் பிள்ளை இறந்தே பிறந்தது. ஆண் பிள்ளை. என் கையில் கொடுக்கவில்லை. துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள். அவன் முகம் எப்படி இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிரசவம் ஆன ஆறாம் நாள் காலை பாய் நனைந்திருந்தது. எனக்குத் தெரியாமலே சிறுநீர் போயிருந்தது. எழுந்தேன். காலோடு வழிந்தது. அடக்கிப் பார்த்தேன். அடங்கவில்லை. அன்றிலிருந்து நிற்கவே இல்லை. உட்கார்ந்தாலும் வரும், படுத்தாலும் வரும். பழைய சேலையைக் கிழித்துக் கட்டிக்கொள்வேன். அடுப்பில் உலை கொதிப்பதற்குள் அது நனைந்துவிடும். தொடையெல்லாம் வெந்து புண்ணாகிவிட்டது. நடந்தால் மிளகாய் அரைத்துப் பூசினது போல எரியும்.

என் மாமியார் முதலில் ஆறுதலாகத்தான் பேசினார். “பிள்ள பெத்தவளுக்குக் கொஞ்ச நாளு அப்படித்தான் இருக்கும். சரியாப் போகும்” என்றார். நாற்பது நாள் கழிந்தது. சரியாகவில்லை. வீட்டில் வாடை அடித்தது. அதன் பிறகு மாமியார் என் படுக்கையைக் கொல்லைப்பக்கத்துக் கொட்டகைக்கு மாற்றினார். சோறு தட்டில் போட்டு அங்கேயே வரும். விருந்தாளி வந்தால் நான் வெளியே வரக் கூடாது.

டவுனில் ஒரு டாக்டரிடம் மூன்று தடவை போனோம். ஆண் டாக்டர். நான் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். மாமியார்தான் பேசினார்.

“நீர் கடுக்குதா?” என்று கேட்டார் டாக்டர்.

“ஆமா, எரியுதாம்” என்றார் மாமியார்.

விடாமல் ஒழுகுகிறது என்று அவர் சொல்லவில்லை. வெளி ஆணிடம் அதைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. எனக்கும் எழவில்லை. டாக்டர் நீர்க்கடுப்புக்கு மிக்ஸ்சர் கொடுத்தார். மூன்று தடவையும் அதே மிக்ஸ்சர்தான். கம்பவுண்டரிடம் என் வீட்டுக்காரர் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியைப் பற்றி விசாரித்தார். “அங்க தனி டாக்டர பாக்கணும்னா இங்க டாக்டர் சீட்டு எழுதித் தரணும். நீர்க்கடுப்புக்கெல்லாம் எழுத மாட்டாரு” என்றார் அவர்.

என் வலியைவிடப் பெரிய வலி ஒன்று இருந்தது. என்னால் தொழ முடியவில்லை. கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு எழுவதற்குள் நீர் ஒழுகி அது முறிந்துவிடும். மறுபடி செய்வேன். மறுபடி முறியும். அசுத்தமானவள் எந்த முகத்தோடு முசல்லாப் பாயில் நிற்பது என்று விட்டுவிட்டேன். துவா கேட்கக்கூடக் கையை ஏந்தவில்லை. நாலைந்து மாதம் அப்படியே போனது. அல்லாஹ்வும் என்னைக் கொல்லைக் கொட்டகையில் போட்டுவிட்டான் என்று நினைத்தேன். கிணற்றடியில் நிற்கும்போதெல்லாம் கெட்ட நினைப்பு வந்தது. அவன்தான் என்னை மன்னிக்க வேண்டும்.

ரமலான் வந்தது. நோன்பு வைத்தேன். தொழவில்லை. ஒரு நாள் மதியம் என் வீட்டுக்காரர் கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்தார்.

“இங்க உக்காராதீங்க. நாத்தமடிக்குது” என்றேன்.

“பகல் பூரா பச்சைத் தோலுக்குள்ள நிக்கிறவன் நான். எனக்கு என்ன நாத்தம்? நோம்பு வச்சுக்கிட்டு ஏன் தொழாம இருக்க?”

அழுதுகொண்டே சொன்னேன். எழுந்து போய்விட்டார்.

அஸர் தொழுகை முடிந்து வந்தவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். என் பெயரை எடுக்கவில்லை. தனக்கே அந்த நோய் என்று சொல்லிக் கேட்டிருக்கிறார். நாலு பேர் இருக்கும்போது கேட்டிருக்கிறார்.

“நிக்காம ஒழுகுறவங்களுக்குச் சட்டம் வேறயாம். ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் ஒரு தடவ சுத்தம் பண்ணி, துணியக் கட்டி, ஒளு செஞ்சிட்டுத் தொழணுமாம். நடுவுல ஒழுகுனாலும் தொழுக கூடுமாம். முறியாதாம். நல்லாக் கேட்டுட்டுத்தான் வாரேன்.”

அன்று மக்ரிப் தொழுகைக்கு ஒளு செய்து நின்றேன். துணி நனைந்தது. நான் நிறுத்தவில்லை. சஜ்தாவில் நெற்றி தரையில் பட்டதும் அழுகை பொங்கியது. சுகம் கொடு என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டேன். “யா அல்லாஹ், என்னை யாருமே பார்க்கவில்லை. பார்க்கத் தெரிந்த ஒரு ஆளை அனுப்பு.” பெருநாள் வரை ஐந்து வக்தும் இதைத்தான் கேட்டேன்.

பெருநாள் கழித்து ஐந்தாறு நாள் இருக்கும். அம்மை குத்த நகராட்சி ஆட்கள் தெருவுக்கு வந்தார்கள். கூட ஒரு நர்சம்மா. ஸ்டெல்லா என்று பெயர், கிறிஸ்தவர். சந்து வழியாகப் போனவர் எங்கள் கொல்லையில் காய்ந்த துணிகளைப் பார்த்துவிட்டு நின்றார்.

“கைப்பிள்ளை இருக்கா? கொண்டாங்க, அம்மை குத்தணும்.”

“எங்க வீட்டுல பிள்ள இல்ல” என்றார் மாமியார்.

“பிள்ள இல்லாத வீட்டுல இம்புட்டுத் துணி எதுக்கு?”

நான் கொட்டகை வாசலில் நின்றிருந்தேன். நர்சம்மா என்னைப் பார்த்தார். என் சேலையின் ஈரத்தைப் பார்த்தார். கேட்காமலே உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

பரிசோதித்துவிட்டுக் கையைக் கழுவினார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். “பிள்ளை தலை ரொம்ப நேரம் அழுத்தி, மூத்திரப்பையில ஓட்டை விழுந்திருக்கு. உன் மேல ஒரு தப்பும் இல்ல, தாயீ. இதத் தைக்கலாம். மதுரைல தைக்கிற டாக்டரம்மா ஒருத்தர் இருக்காங்க” என்றார்.

ஓட்டை. தைக்கலாம். இந்த இரண்டு வார்த்தைக்காக நான் ஐந்து மாதம் காத்திருந்தேன்.

ஆனால் சீட்டு வேண்டும். மறுநாளே மிக்ஸ்சர் கொடுத்த டவுன் டாக்டரிடம் நர்சம்மா எங்களை அழைத்துப் போனார். “நான் பாக்காம எப்படி எழுதறது?” என்றார் டாக்டர். அவர் கேட்டது நியாயம்தான்.

மாமியார் எழுந்துவிட்டார். “ஆம்பள பாக்குறதா? மானம் போறதுக்கு இவ இப்படியே கெடக்கட்டும். ஏ புள்ள, எந்திரி!”

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர், “நீ சொல்லு. நீ சொல்றதுதான்” என்றார்.

ஆள் அனுப்பு என்று கேட்டது நான். அனுப்பிய பிறகு கதவைச் சாத்தினால் அது என் குற்றம். “பாக்கட்டும்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

நர்சம்மா போர்வையைப் பிடித்துக்கொண்டு என் தலைமாட்டிலேயே நின்றார். டாக்டர் பார்த்து முடித்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பிறகு, “நான் முதல்லயே பாக்கணும்னு சொல்லியிருக்கணும்மா” என்றார். சீட்டு எழுதினார். அதை மடித்து என் கையில் கொடுத்தார். என் வீட்டுக்காரர் கையில் இல்லை, என் கையில்.

அடுத்த வாரம் ரயிலேறினோம். சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் வாடை தெரிந்துவிட்டது. ஒரு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். பிறகு ஆண்கள் சத்தம் போட்டார்கள். கொடைரோட்டில் எங்களை இறக்கிவிட்டார்கள். ரயில் போய்விட்டது. பிளாட்பாரத்தில் வெயில். என் காலடியில் ஈரம்.

“வீட்டுக்குப் போயிருவோம்” என்றேன்.

“போகலாம். திண்டுக்கல் வண்டியும் வரும், மதுர வண்டியும் வரும். எது மொதல்ல வருதோ அதுல ஏறுவோம்” என்றார் அவர். எனக்குத் தெரியும், அவருக்கும் பலம் போய்விட்டது.

மதுரை வண்டி முதலில் வந்தது. கடைசிப் பெட்டியில் கதவோரம் நின்றுகொண்டே போனோம்.

டாக்டரம்மா சீட்டை இரண்டு தடவை படித்தார். புண் ஆற ஆறு வாரம் ஆகும், அதன் பிறகுதான் ஆபரேஷன் என்றார். ஆறு வாரம் கழித்துத் தைத்தார். ரப்பர் குழாயோடு பதினான்கு நாள் அசையாமல் கிடந்தேன். பதினைந்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். அன்று மதியமே துணி நனைந்தது. தையல் பிடிக்கவில்லை.

அன்று நான் பேசிய பேச்சு அல்லாஹ் ஒருவனுக்குத்தான் தெரியும். என்னை இவ்வளவு தூரம் கூட்டி வந்து ஏமாற்றினாயா என்று கேட்டேன். டாக்டரம்மா கட்டிலில் உட்கார்ந்து, “ஓட்டை பாதியாச் சுருங்கியிருக்கு. மூணு மாசம் கழிச்சு வா. நான் விட மாட்டேன்” என்றார்.

மூன்று மாதம் கொட்டகை. மறுபடி ரயில். மறுபடி கத்தி. மறுபடி பதினான்கு நாள். குழாயை எடுத்தார்கள். மதியம் வரை தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். துணி காய்ந்திருந்தது. மாலையிலும் காய்ந்திருந்தது. மறுநாள் விடிந்து கையை வைத்துப் பார்த்தேன். பாய் காய்ந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

இதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளை வரமும் கேட்டேன். அது கிடைக்கவில்லை. இனிமேல் கிடைக்காது என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். என் மாமியார் சாகும்வரை எனக்குச் செய்ததை நினைத்து வருந்தவில்லை. நான்தான் அவரைக் கடைசியில் குளிப்பாட்டினேன். கேட்டதெல்லாம் கிடைத்தது என்று நான் பொய் சாட்சி சொல்ல மாட்டேன். சாகிற இடத்தில் நின்றவளுக்கு அவன் ஆள் அனுப்பினான். அது உண்மை.

அன்றிலிருந்து நான் வீட்டோடு முடங்கவில்லை. இந்தப் பத்து வருஷத்தில் ஏழு பெண்களோடு மதுரைக்கு ரயிலில் போயிருக்கிறேன். நம்மவர்களும் உண்டு, மற்றவர்களும் உண்டு. போன மாதம் வேடசந்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, பூத்தோட்டத்துக் குடியானவர் வீட்டு மருமகள். ரயிலில் எல்லோரும் எழுந்து தள்ளிப் போனார்கள். நான் அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருத்தி இருப்பாள். வாசல்பக்கம் வர மாட்டாள். அவளுக்காகத் துவாச் செய்யுங்கள். செய்துவிட்டு எழுந்து அவள் வீட்டுக்குப் போங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நானும் வருகிறேன்.