குறுக்குக் கோடு போட்ட பெட்டி

எண்பதுகளின் கடைசியில் முதலியார்பேட்டையில் பத்திரிகை, நோட்டீஸ் அடித்துத் தரும் ஒரு டிடிபி கடையில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் என் அறைக்குள் வருவார்கள். எனக்குத் தரும் மரியாதை என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். தூசி பட்டால் மெஷின் கெட்டுவிடும் என்று முதலாளி வாசலில் எழுதி ஒட்டியிருந்தார்.

ஒருநாள் காலையில் ஒரு அக்கா வந்தார். பஞ்சாலையில் நூல் சுற்றும் பிரிவில் வேலை செய்தவர். வீட்டுக்காரர் இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் காரியப் பத்திரிகையில் அவர் படம் வர வேண்டுமாம். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சின்ன போட்டோவைக் கொடுத்தார். வீட்டுக்காரரின் மில் அடையாள அட்டையிலிருந்து பிரித்தெடுத்தது. பின்பக்கம் கோந்து காய்ந்திருந்தது.

“இது ஒண்ணுதான் கீது தம்பி. நல்லா இருந்தப்ப எடுத்தது. அடிக்கிறதுக்கு முன்னாடி நான் ஒருவாட்டி பாத்துடணும்.”

“தாராளமா பாருங்கக்கா.”

எங்களிடம் இருந்தது கையால் இழுக்கும் ஸ்கேனர். போட்டோ மேல் வைத்து, துணிக்கு இஸ்திரி போடுகிற மாதிரி மெல்ல இழுக்க வேண்டும். இழுக்கும்போது கண் திரையில் இருக்க வேண்டும். நானோ கம்ப்யூட்டரின் பெருமையை அக்காவிடம் அளந்துகொண்டே இழுத்தேன். படத்தை பிளாப்பியில் ஏற்றி, பத்திரிகையின் தலைப்பில் சேர்த்துவிட்டு, வாசகத்தை அடிக்க ஆரம்பித்தேன். அடித்து முடித்துப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் படம் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் பெட்டி, அதன்மேல் மூலைக்கு மூலை குறுக்குக் கோடு.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னாப்பா இது? மில்லுல ஆள நிறுத்துனா பேர் மேல இப்டித்தான் கோடு இழுப்பாங்க.”

“அதில்லக்கா. படம் உள்ள இருக்கு. பிரிண்ட் எடுத்தா வந்துடும்.”

“உள்ள இருந்தா காட்டு.”

படத்தைத் திரையில் காட்டும் வசதியைத் தட்டினேன், பெட்டி போகவில்லை. மெமரி போதவில்லையோ என்று காலிப் பக்கத்தில் படத்தை மட்டும் நகலெடுத்து வைத்தேன். அங்கேயும் அதே பெட்டி. மெஷினை இரண்டு தடவை அணைத்துப் போட்டேன். முதலாளி எட்டிப் பார்த்து, “இன்னாடா, ஆப்ரேஷன் முடிஞ்சுதா?” என்றார். வியர்வை துடைக்கச் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவினேன். கூடவே பிளாப்பியும் கீழே விழுந்தது. படம் இருந்தது அதில்தான்; வாசகம் அடிக்க ஆரம்பிக்கும்போது எடுத்துப் பையில் போட்டிருக்கிறேன். அது உள்ளே இல்லாமல் மெஷின் எதைக் காட்டும்?

“ஜோபியில வெச்சிக்கினு பொட்டியில தேடுறான் பாரு” என்று சொல்லிவிட்டு முதலாளி போனார்.

பிளாப்பியைப் போட்டதும் படம் மேலிருந்து வரி வரியாக இறங்கியது. முடி, நெற்றி, கண். மூக்குக்குக் கீழே வந்ததும் முகம் ஒரு பக்கமாக நகர்ந்துவிட்டது. வாய் கோணி, தாடை இழுத்துக்கொண்டிருந்தது.

“கை ஆடிடுச்சுக்கா” என்றேன்.

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். “வாதம் அடிச்சி எட்டு மாசம் இப்டித்தான் கெடந்தாரு. இது வேணாம்பா. இது எனக்குத் தெரிஞ்சாப் போதும்.”

மறுபடி இழுத்தேன். பயத்தில் கை முன்னைவிட அதிகமாக ஆடியது. மூன்றாவது தடவையும் அதே கதி.

“தள்ளு தம்பி. இழுக்கறதுதான?”

என் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். இழை அறாமல் வருஷக்கணக்கில் நூல் சுற்றிய கை அது. எங்கும் நிற்காமல், ஒரே வேகத்தில், தலையிலிருந்து காலர் வரை இழுத்தார். இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொண்டு திரையைப் பார்த்தேன்.

முகம் நேராக வந்திருந்தது. பத்திரிகையில் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டினேன். நேரான வாய், அளவான மீசை, கழுத்து வரை பட்டன் போட்ட சட்டை.

“அந்தப் பட்டன் நான்தான் போட்டு அனுப்புனேன்” என்றார்.

மிச்ச வேலையை முடிக்கலாம் என்று எழுத்துப் பக்கத்துக்குப் போகக் கை நீட்டினேன்.

“கொஞ்சம் இரு தம்பி. இப்பதான வந்தாரு.”

கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.