அட்டையில் இருந்த ஈரம்

நாளை எங்கள் பழைய வேனுக்கு இன்ஸ்பெக்‌ஷன். பின் சக்கரங்களில் ஆயில் ஒழுகி பிரேக்கை நனைத்துக்கொண்டிருந்தது. தேறாவிட்டால் சிங்கப்பூர் தேக்காவில் இருக்கும் என் மகன் கடைக்குப் பூ ஏற்றிப்போக வண்டியில்லை.

மகன் தலையில் கை வைத்துவிட்டான். பேத்தி கவிதாதான், "நானே சரி பண்ணிடுறேன்பா" என்றாள். பஸ் டிப்போவில் மெக்கானிக் அவள். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படி ஒரு பேத்தி!

இன்று காலை ஜாலான் புசார் கடையொன்றில் ஆயில் சீல், அதாவது ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம், வாங்கிவந்து, வாசலிலேயே சக்கரங்களைக் கழற்றி, அச்சை உருவி, பழைய வளையத்தை நெம்பி எடுத்துப் புதியதைத் தட்டி உட்காரவைத்தாள். பிரேக் கட்டையும் புதுசு. சக்கரங்களைத் திரும்ப மாட்டி, ஒழுகினால் தெரியட்டும் என்று சக்கரங்களுக்கு அடியில் அட்டை விரித்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

நல்ல காரியமாயிற்றே என்று, அவள் வருவதற்குள் நான் சக்கரத்துக்கு அடியில் ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தேன். வண்டி ஏறி நசுக்கிக்கொண்டு கிளம்பியதும், வாசல் சுத்தமாக இருக்கட்டும் என்று தோலைப் பொறுக்கி எறிந்துவிட்டேன்.

கவிதா ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து அதே அட்டையில் நிறுத்தினாள். சற்று நேரம் கழித்துக் குனிந்து பார்த்தவள் முகம் வாடிவிட்டது.

"போச்சுப்பா, ரெண்டு பக்கமும் ஈரம். திரும்பக் கழட்டணும்."

விரலால் தொட்டு முகர்ந்தாள். அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாட்டி... இது எலுமிச்சை லா!"

மகன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

புது அட்டை போட்டோம். ஒரு மணி நேரமாக ஒரு சொட்டு இல்லை.

நாளை காலையும் பழம் உண்டு. அட்டையை எடுத்த பிறகுதான் வைப்பேன். நீங்கள் யாராவது மெக்கானிக்கை இப்படிப் பயமுறுத்தியதுண்டா?